ஆலைத் தொழிலில் பேச்சுரிமையும் பல்பணிப் பயிற்சியும்

ஒரு தொழிற்கூடத்தில் யார் யாரிடம் பேசலாம், யார் எந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்யும் எழுதப்படாத வழக்கமே பணியிடப் பண்பாடு எனப்படுகிறது. இவ்வழக்கத்தை மாற்ற இன்று இரண்டு வழிகள் கூறப்படுகின்றன. ஒன்று, நிர்வாகமும் தொழிலாளரும் தடையின்றிப் பேசிக்கொள்வது. மற்றொன்று, ஒருவருக்குப் பல வேலைகளைப் பழக்கும் பல்பணிப் பயிற்சி. இவ்விரண்டின் வரலாறும் இந்தியப் பஞ்சாலைகளில் உண்டு.

புதுச்சேரி

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரியில் சவானா (பின்னர் சுதேசி), ரோடியர் (பின்னர் ஏ.எஃப்.டி.), கெப்ளே (பின்னர் பாரதி) ஆகிய மூன்று பெரிய ஆலைகள் இயங்கின. நகரத்தார் மட்டுமின்றி, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர் மக்களும் இவற்றில் வேலை செய்தனர். தொழிற்சங்கத்துக்குச் சட்ட ஏற்பு இல்லாததால், குறையை எடுத்துச் சொல்ல முறையான வழி எதுவும் இல்லை.

1935இல் சவானா ஆலையில் வ. சுப்பையா தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த ஆண்டு போராட்டம் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. 1936 சூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் 1937 ஏப்ரல் ஆணையின் மூலம் கிடைத்தன. எட்டு மணி நேரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மேலாளரின் எதிரே உட்கார்ந்து பேசும் உரிமையும் அன்று பெறப்பட்டது என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

அகமதாபாத்

பல்பணிப் பயிற்சிக்குப் புகழ்பெற்ற சான்று அகமதாபாத்தின் காலிகோ ஆலை ஆகும். அங்கு புதிதாக நிறுவப்பட்ட தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அக்கூடத்தை ஆராய்ந்தார். 224 தறிகளுக்கு 29 பேர் இருந்தனர்; அவர்களுக்குள் 12 வகை வேலைகள். தறி ஓட்டுபவர், ஊடைத் தார் நிரப்புபவர், அறுந்த இழைகளை இணைப்பவர், எண்ணெய் விடுபவர், பெருக்குபவர் என ஒவ்வொருவருக்கும் தறிக் கணக்கு வேறு. ஒருவர் 24 தறிகளைப் பார்ப்பார், இன்னொருவர் 112, பெருக்குபவருக்கு 224 தறிகளும். ஒரு தறி நின்றுவிட்டால் அதை ஓட்டியவர் யாரைக் கூப்பிடுவது? அழைக்கப்பட்டவர் கூடத்தின் மறுமுனையில் வேறொருவருக்காக வேலை செய்துகொண்டிருப்பார்.

64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட குழு. அவர்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்ளலாம். குழுத்தலைவர் அவர்களுள் ஒருவரே. இந்தத் திட்டம் பேச்சுக்கு வந்ததும் தொழிலாளர்களே தங்களுக்குள் கூடி யார் யாருடன் சேர்வது என்று குழுக்களை அமைத்துக்கொண்டனர். ஆய்வாளரே இதை எதிர்பார்க்கவில்லை. தொடக்கத்தில் ஏற்ற இறக்கம் இருந்தாலும், பின்னர் உற்பத்தி உயர்ந்தது. சேதத் துணி குறைந்தது.

1970இல் எரிக் மில்லர் அதே ஆலைக்குச் சென்று பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய மாறாமல் இருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை திரும்பத் தலைகாட்டியிருந்தது.

ஐயமும் அச்சமும்

பல வேலை பழக வேண்டும் என்று சொன்னால், "எத்தனை பேரைக் குறைக்கப் போகிறார்கள்?" என்ற கேள்வியே தொழிலாளியிடமிருந்து முதலில் வரும். பாகூர்ப் பக்கத்து ஆலைக் குடும்பங்களில் நான் கேட்டதும் இதுதான். கேள்வி நியாயமானது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழுவுக்கு வழி செய்தது, இவ்வகைக் கேள்விகளைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. இப்போது சேதராப்பட்டு முதலிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு நம் ஊர் இளைஞர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் செல்கின்றனர். அவர்கள் ஒரே வாரத்தில் மூன்று இயந்திரங்களிலும் நிற்கிறார்கள். ஆனால் பணிக்குழு என்ற பெயரைக்கூட அவர்களுள் பலர் கேள்விப்பட்டதில்லை.