சாக மறுத்த ஆட்டக்காரர்கள்

2003-ல் வேளச்சேரியில் நாங்கள் நாலு பேர் ஒரு ரூமில் இருந்தோம். எல்லாரும் புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க. ரூமுக்குப் பொதுவாக ஒரே ஒரு அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர். அதில் 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற விளையாட்டு இருந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கியது, 2002-ல் வெளிவந்தது. வாள், மந்திரம், டிராகன் வகையறா. அதோட விசேஷம் என்னன்னா, விளையாட்டோடு சேர்த்து, அதே மாதிரி கதைகளை நாமே உருவாக்க ஒரு டூலையும் கொடுத்திருந்தார்கள். ஊர், காடு, குகை, மனிதர்கள், வசனம் எல்லாம் நாமே வைக்கலாம். உலகம் முழுக்க ரசிகர்கள் இதை வைத்துப் புதுப்புதுக் கதைகள் செய்து பகிர்ந்துகொண்டார்கள்.

நானும் ஒன்று செய்தேன். மூணு மாசம், ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து. ஒரு கிராமம், சாபம் பட்ட கிணறு, மலை மேல் பாழடைந்த கோயில், அதற்குள் ஒரு ரகசியம். முடித்ததும் ரூம்மேட்டை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். அவன் கிணற்றுப் பக்கமே போகல. ஊர் முனையில் நான் சும்மா அலங்காரத்துக்கு வைத்திருந்த கொல்லன் பட்டறையில் போய் நின்றுகொண்டான். "மச்சான், இந்த ஆள்கிட்ட வேலைக்குச் சேர முடியாதா?" என்றான். "அது கதைல இல்லடா" என்றேன். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டேன். மறுநாள் அவன் பத்து நிமிஷம் விளையாடினான். "நல்லாருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

அந்த "நல்லாருக்கு"வை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து, இந்த வகை விளையாட்டே எப்படிப் பிறந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தப் பூட்டின கதவு உறுத்த ஆரம்பித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தோற்றுப்போனதாக நினைத்த ஆட்டம்

கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். 1960-களின் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே 'வார்கேம்' என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, அளவுகோலும் பகடையும் வைத்து, நெப்போலியன் காலத்துப் போர்களைத் திரும்ப நடத்திப் பார்ப்பது. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் இப்படி ஒரு கும்பல் இருந்தது. பெரும்பாலும் கல்லூரி வயசுப் பையன்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் வெஸ்லி. பல்கலைக்கழக நூலகத்தில் 'ஸ்ட்ராடகோஸ்' என்ற 1880-ஆம் வருஷத்துப் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் எழுதிய போர்ப் பயிற்சி விளையாட்டு. ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம், நடக்குமா நடக்காதா என்பதை ஒரு நடுவர் முடிவு செய்வார் என்பது அதிலிருந்து வெஸ்லி எடுத்துக்கொண்ட விஷயம்.

1969-ல் வெஸ்லி ஒரு சோதனை செய்தார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊர். இரண்டு பக்கமும் படைகள் நெருங்குகின்றன. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கப் படை போதாது. அதனால் ஒருவர் மேயர், ஒருவர் பேங்க் முதலாளி, ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். முதலில் ஊருக்குள் கொஞ்சம் பேச்சு, அப்புறம் போர் என்பது திட்டம்.

போர் வரவே இல்லை. ஆட்டக்காரர்கள் தனித்தனி அறைகளுக்குப் போய்க் குசுகுசுவென்று பேரம் பேசினார்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்துவிட்டார்கள். அதற்கு வெஸ்லியிடம் விதியே கிடையாது, அந்த இடத்திலேயே யோசித்துச் சமாளித்தார். கடைசியில், எல்லாம் சொதப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்தது எப்போ என்று கேட்டார்கள்!

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். வெஸ்லி அந்தக் கேள்வியை உடனே முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களில் 'குழப்பத்தை' சரி செய்தார். அதாவது யார் என்ன செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தினார். அவை எடுபடவில்லை. (நான் பூட்டின கதவு ஞாபகம் இருக்கா?) நாலாவது தடவை கட்டை அவிழ்த்து விட்டார். களம், லத்தீன் அமெரிக்காவில் ஒரு கற்பனைச் சர்வாதிகார நாடு. அதில் ஒரு ஆட்டக்காரர், தான் சிஐஏ ஆள் என்று மற்றவர்களை நம்ப வைத்து, அதற்குப் போலி அடையாள அட்டை வரை தயார் செய்துகொண்டு வந்து நாட்டையே ஏமாற்றினார். அவர் பெயர் டேவ் ஆர்னசன்.

ஹிட் பாயிண்ட் எங்கிருந்து வந்தது

வெஸ்லி ராணுவப் பணிக்குப் போய்விட, ஆர்னசன் அந்த முறையைக் கையில் எடுத்தார். சரித்திரம் படித்த மாணவர். ஒரு வார இறுதி முழுக்க டிவியில் பேய்ப் படங்கள் பார்த்து, கோனன் கதைகள் படித்துக் கழித்தபின் இந்த யோசனை வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1971-ல், வழக்கமான நெப்போலியன் ஆட்டம் என்று நினைத்து அவர் வீட்டு நிலவறைக்கு வந்த நண்பர்கள், மேஜை மேல் ஒரு இடைக்காலக் கோட்டை பொம்மையைப் பார்த்தார்கள். கோட்டையின் பெயர் பிளாக்மூர். அதன் அடியில் அடுக்கடுக்காகச் சுரங்கப் பாதைகள், உள்ளே பூதங்கள்.

சண்டைக்கு விதி வேண்டுமே. அதே வருஷம் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிப் புத்தகம் வெளிவந்திருந்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதியது. பின்னிணைப்பில் டிராகன், மந்திரவாதிகளுக்கும் விதி இருந்தது. ஆர்னசன் அதை முயன்று பார்த்தார். ஆனால் அது படைகளுக்காக எழுதியது. ஒரு சாதாரண வீரனுக்கு ஒரு அடி பட்டால் ஆள் காலி. முந்நூறு பொம்மைகள் இருக்கும் மேஜையில் ஒன்று விழுந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிளாக்மூரில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆள்தான். வாராவாரம் வந்து, பெயர் வைத்து, பொன் சேர்த்து வளர்த்த ஆள். அவன் ஒரே ஒரு பகடை உருட்டலில் செத்தால்? முணுமுணுப்பு ஆரம்பமானது.

ஆர்னசன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அவர் முன்பே இரும்புக் கவசக் கப்பல்களின் கடற்போருக்கு விதிகள் எழுதி வைத்திருந்தார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது. கவசம் எவ்வளவு தடிமன், எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைக்கணும். அந்தக் கணக்கை எடுத்து மனிதர்களுக்குப் போட்டார். கவச அளவு, தாங்கும் புள்ளி. அதுதான் ஹிட் பாயிண்ட்.

இன்றைக்கு உங்கள் பையனோ பொண்ணோ மொபைலில் விளையாடும்போது ஒரு சிவப்புப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுதே, அந்தப் பட்டையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இந்த நிலவறை முணுமுணுப்பில் போய் நிற்கும்.

ஆட்டக்காரர்கள் விரும்பியது, தங்கள் ஆள் சாகக்கூடாது என்பது. ஆர்னசன் சாவை எடுக்கவில்லை, தள்ளி வைத்தார். ஒரு அடி பட்டபின் ஓடலாமா, நின்று பார்க்கலாமா என்று யோசிக்க அவகாசம் கொடுத்தார். கேட்டதை அப்படியே செய்திருந்தால் சுரங்கத்துக்குள் போக யாருக்கும் பயமே இருந்திருக்காது. கேட்காமலே விட்டிருந்தால் நாலு வாரத்தில் ஆள் வந்திருக்க மாட்டார்கள்.

ரத்தக்காட்டேரியும் பாதிரியாரும்

இன்னொரு கதை. பிளாக்மூரில் ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டது. பெயர் சர் ஃபேங், அதாவது கோரைப்பல் பிரபு. நாளாக நாளாக அவரைச் சமாளிக்க யாராலும் முடியவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் பேலன்ஸ் போச்சு.

அவரைத் தடை செய்வதுதான் சுலபமான வழி. ஆர்னசனின் மேஜையில் வேறு வழி வந்தது. மைக் கார் என்ற நண்பர் ஒரு பாதிரியார் வேஷம் எடுத்தார். பேய்ப் படங்களில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி காட்டேரி வேட்டைக்காரர். பிறகு வந்த விளையாட்டுகளில் காயம் ஆற்றுகிற, பிசாசைத் துரத்துகிற 'கிளெரிக்' என்ற பாத்திர வகைக்கு மூலம் இவர்தான்.

மூன்றாவது கதை இன்னும் சுவாரசியம். ஆர்னசனுக்கு ஆசை, நாடு, படை, அரசியல் என்று பெரிய கதை நடத்தணும் என்பது. ஆட்டக்காரர்களுக்கோ சுரங்கப் பைத்தியம். மேலே எதிரிப் படை நெருங்க, இவர்கள் கீழே புதையல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்னசன் கெஞ்சவும் இல்லை, சுரங்கத்தை மூடவும் இல்லை. கோட்டை எதிரி கையில் விழுந்தது. ஆட்டக்காரர்கள் லாக் க்ளூமன் என்ற ஏரிப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆட்டம் அங்கிருந்து தொடர்ந்தது! அவர்கள் செய்ததையே அடுத்த அத்தியாயமாக ஆக்கிவிட்டார்.

பெட்டியின் மேல் இரண்டு பெயர்

1972 கடைசியில் ஆர்னசன் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் இருந்த கைகாக்ஸின் வீட்டில் பிளாக்மூரை நடத்திக் காட்டினார். கைகாக்ஸ் உடனே பிடித்துக்கொண்டார். ஆர்னசனிடமிருந்து குறிப்புகளை வாங்கி, சுமார் 50 பக்க வரைவு எழுதினார். சொந்தப் பிள்ளைகளை வைத்தே ஆடிப் பார்த்தார், மற்ற குழுக்களுக்கும் அனுப்பினார். வந்த கேள்விகளோடு அது சுமார் 150 பக்கமாக வளர்ந்தது. 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் பதிப்பு 1000 பிரதிகள்.

பெட்டியின் மேல் கைகாக்ஸ், ஆர்னசன் என்று இரண்டு பெயர்கள். சில வருஷங்களில் அந்த இரண்டும் மோதிக்கொண்டன. அடுத்து வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பில் கைகாக்ஸ் பெயர் மட்டுமே. 1979-ல் ஆர்னசன் வழக்குப் போட்டார், 1981-ல் சமரசம் ஆனது. யார் எதைக் கண்டுபிடித்தார் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் பல வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்னவை நிறைய என்பதால் இந்தச் சண்டை லேசில் தீராது.

எனக்கென்னவோ அந்தக் கேள்வியே கொஞ்சம் குறுகலாகத் தெரிகிறது. ஹிட் பாயிண்டைக் கொண்டுவந்தவர் ஆர்னசன், சரி. அதை எழுத்தில் ஒழுங்குபடுத்தியவர் கைகாக்ஸ், அதுவும் சரி. ஆனால் "என் ஆள் இப்படிச் சாகக்கூடாது" என்று முதலில் முகம் சுளித்தவர் யார்? போரை மறந்துவிட்டு அடுத்த அறைக்குப் பேரம் பேசப் போனவர் யார்? அவர்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் வரவில்லை. அவர்கள் இல்லை என்றால் பெட்டியும் இல்லை.

எங்கள் தொழிலிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். ரிலீஸ் முடிந்ததும் ஐந்து நட்சத்திரப் படிவம் அனுப்புவோம். நாலரை வந்தால் கேக் வெட்டுவோம். ஆனால் உருப்படியான விஷயம் எப்போதும் வேறு எங்கேயோ இருக்கும். ஒரு வாடிக்கையாளர் நாம் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எக்செலில் எடுத்துப் போட்டு வேறு ஏதோ செய்துகொண்டிருப்பார். அதைப் பார்த்துச் சிரிக்கலாம், எக்ஸ்போர்ட் பட்டனை எடுத்துவிடலாம், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று கேட்கலாம். முதல் இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

அந்த வேளச்சேரி கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எப்பவோ போச்சு. இந்தப் பதிவுக்காக ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். இப்போது அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். நான் செய்த அந்த கேம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். கிணறு, சாபம், மலைக் கோயில் எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"ஒரு கொல்லன் இருந்தான்ல மச்சான்?"