கௌலா பந்தர் பிள்ளைகள் போட்ட தண்ணீர்க் கணக்கு

போன ஞாயிறு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயத்துக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மும்பையிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் பக்கத்தில் நின்றார். "சார், அங்கே கௌலா பந்தர்ல நம்ம ஊர்க்காரங்க தண்ணிக்குக் கொடுத்த விலை தெரியுமா?" என்றார். தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மும்பையின் கிழக்குக் கடலோரத்தில், துறைமுகக் கழக நிலத்தில் இருக்கும் குடிசைப் பகுதி அது. முதலில் குடியேறியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள். வடநாட்டுக்காரர்கள் பின்னால் வந்தார்கள். மத்திய அரசு நிலம், அங்கீகாரம் இல்லாத பகுதி, ஆகவே அப்போது குழாய் இணைப்பு கிடையாது. சிலர் அருகிலுள்ள மாநகராட்சிக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சி, ஹோஸ் வழியாகச் சந்துக்குள் விற்றார்கள். மோட்டாரைப் பறிமுதல் செய்துவிட்டால் திண்டாட்டம்தான். ஊரார் பார்வையில் இவர்கள் தண்ணீர்த் திருடர்கள்!

இங்கேதான் 'புகார்' என்ற அமைப்பு வருகிறது. (ஹிந்தியில் 'அழைப்பு' என்று பொருள். தமிழில் படித்தாலும் பொருந்தத்தான் செய்கிறது.) மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை தொடங்கியது. ஆராய்ச்சி என்பது பட்டம் வாங்கியவர்களின் சொத்து அல்ல, எல்லோருக்கும் உள்ள உரிமை என்று 2006-ல் ஒரு கட்டுரையே எழுதியவர் அவர். கௌலா பந்தரிலேயே வசிக்கும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 'வெறுங்கால் ஆய்வாளர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பருவத்துக்குப் பருவம் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தார்கள்.

2013-ல் வெளியான முடிவு இது. மாநகராட்சி விலை 1,000 லிட்டருக்கு 2 ரூபாய் 25 பைசா. இவர்கள் கொடுத்தது அதைப்போல 52 முதல் 206 மடங்கு! பெருக்கிப் பார்த்தேன், 117 ரூபாயிலிருந்து 463 ரூபாய் வரை வருகிறது. அவ்வளவு கொடுத்தும் சில பருவங்களில் 95 சதவீதம் பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் கூடக் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் குழாயிலிருந்து உறிஞ்சும் மோட்டாரிலேயே எடுத்த தண்ணீர் மாதிரிகளில் பாதி அசுத்தம். மற்ற பருவங்களில் வரும்போது சுத்தமாக இருந்த தண்ணீர், வீட்டில் சேர்த்து வைத்த பிறகு கெட்டது. 'சுத்தம் தெரியாதவர்கள்' என்று சொல்லிவிடலாம். எப்போது வரும் என்று தெரியாத தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் வேறென்ன செய்வது?

வங்கிக்காரன் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. தண்ணீர் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது, காசு மட்டும் மாநகராட்சிக்கு வரவில்லை. வசூல் ஆகும் கடனை நாமே தள்ளுபடி செய்த மாதிரி.

இந்த ஆய்வு ஒன்றினாலேயே எல்லாம் மாறியது என்றால் அது மிகை. நீதிமன்றத்துக்குப் போனது 'பானி ஹக் சமிதி' என்ற வேறு அமைப்பு. குடியிருப்பு சட்டவிரோதம் என்பதற்காகத் தண்ணீர் மறுக்க முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. 2022-ல் மாநகராட்சியே 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று கொள்கை அறிவித்தது. ஆனால் 'திருடர்கள்' என்ற பேச்சுக்குப் பதிலாகச் சொல்ல ஒரு கணக்கு இருந்ததே, அது இந்தப் பிள்ளைகள் போட்டது.

சட்டப்படி குடியிருப்பவர்களுக்குச் சமமாக இவர்கள் கேட்க முடியாது, கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வாங்கட்டுமே! அந்தப் பழைய விலையில் மூன்று மடங்கு வாங்கினால்கூட 1,000 லிட்டருக்கு 7 ரூபாய் ஆகாது.