வாழ்த்து அட்டையும் வண்ணக் கைவேலையும்



கார்த்திகை கழிந்து மார்கழி நெருங்கும்போதே சித்தூரில் எங்கள் எதிர்வீட்டில் கத்தரிக்கோலின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அங்கு வாழ்ந்த ஆசிரியை ஒருவர், ஆண்டு முழுவதும் சேர்த்த காலண்டர் படங்களிலிருந்து மலர்களையும் பறவைகளையும் வெட்டி எடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டுவார். விளிம்பில் சரிகை இழை பதிப்பார். கோந்து தடவிய நட்சத்திரத்தின்மீது ஜிகினாத்தூள் தூவுவது சிறுவனாகிய என் பணி. "கடையிலேயே கிறிஸ்துமஸ் அட்டை கிடைக்குதே, டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன். "அது யாருக்கு வேணும்னாலும் போகும்; இது என் தங்கச்சிக்கு மட்டுந்தான் போகும்" என்றார். வாழ்த்து அட்டையின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அவ்விடையின் பொருள் எனக்கு விளங்கிற்று.

இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் அனுப்பும் முறை ஏற்பட்டது. அம்முறையை நிறுவ உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல், பண்டிகைக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே விடை எழுத இயலாமல், 1843-இல் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு ஓர் அட்டை வரைவித்தார். நடுவில் விருந்துண்ணும் குடும்பம். இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். கோடுகள் கல்லச்சில் பதிந்தன. வண்ணமோ ஒவ்வோர் அட்டையிலும் கையாலேயே தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங். எளியவர் கைக்கு எட்டாத விலை.

பின்னர்ப் பலவண்ணக் கல்லச்சு பரவியது; விலை குறைந்தது; அட்டை எல்லோருக்கும் உரியதாயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து லூயி பிராங் 1870-களில் அதனைப் பெருந்தொழிலாக்கினார். எனினும் கைவேலை மறைந்துவிடவில்லை. அச்சிட்ட சிறு படங்களை வாங்கி, பூவேலைக் காகிதத்தோடு ஒட்டித் தாமே அட்டை செய்யும் வழக்கம் இல்லங்களில் வளர்ந்தது.

நம் நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவியபின், தெய்வப் படங்கள் வீடுதோறும் புகுந்தன. கல்லும் பொன்தகடும் பதித்த தஞ்சை ஓவியத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு வெறுங்காகிதம் நிறைவளிக்கவில்லை போலும்! அப்படங்களில் இலக்குமிக்கும் சரஸ்வதிக்கும் துணியால் சேலை உடுத்தி, சரிகையும் சமிக்கியும் தைத்துக் கண்ணாடிச் சட்டமிட்டார்கள். திருப்பதிக் கடைவீதியில் விற்கும் வேங்கடவன் படங்களில் இன்றும் வண்ணக் கற்கள் மின்னுகின்றன.

சித்தூரோ அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1853-இல் தோன்றிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் அங்கும் பணிபுரிந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகி, 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வூரில், மேனாட்டு அட்டையும் நம்மவர் சரிகை வேலையும் ஒரு மேசைமேல் கூடியதில் வியப்பில்லை. ஆசிரியை கத்தரித்த மலர்கள் சிவகாசிக் காலண்டரில் பூத்தவை. அட்டையின் உள்ளே எழுதிய வாழ்த்து தமிழ்.

அச்சு ஒரே படத்தை ஆயிரம் பேருக்கு அளித்தது. கைவேலை அதனை மீண்டும் ஒருவருக்கு உரியதாக்கியது. இதுவே இவ்வரலாறு எனக்கு உணர்த்திய செய்தி.

ஆசிரியை மறைந்து சில ஆண்டுகள் கழித்து, கரக்பூரில் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த அவருடைய தங்கையைக் காணச் சென்றேன். அம்மையார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். ஆண்டுக்கு ஒன்றாக, அக்காள் அனுப்பிய அட்டைகள் அத்தனையும் இருந்தன. சிலவற்றில் ஜிகினா தாறுமாறாகச் சிதறியிருந்தது. அவை நான் தூவியவை. "இது எந்தக் குழந்தையின் வேலையோ என்று நினைத்துக்கொள்வேன்" என்று கூறி நகைத்தார்.

இன்று வாழ்த்துப் படம் கைப்பேசியில் நொடியில் வந்து, அடுத்த நொடியில் மறைந்துவிடுகிறது. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நாம், கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ, பழைய காலண்டர் ஒன்றையும் சிறிது கோந்தையும் குழந்தைகளிடம் கொடுத்து, ஊரிலுள்ள பாட்டிக்கு ஓர் அட்டை செய்யச் சொல்லலாம். ஜிகினா சிதறினாலும் குற்றமில்லை.