பிடிச்ச ஹீரோவுக்காக ஒரு மொக்கை: பாகவதர் முதல் லீ மின் ஹோ வரை

இந்த எபிசோடு கொல்லிமலையில் ஒரு மழை நாளில் தொடங்குது.

ஆடிப்பெருக்குக்கு வீட்டோட அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் அறை எடுத்ததும் மழை பிடிச்சுக்கிச்சு. ஆகாய கங்கைக்கு இறங்க வழியில்லை, சிக்னலும் இல்லை. கீழேயே டவுன்லோடு பண்ணி வெச்சிருந்த ஒரே சீரியலைப் போட்டேன். லீ மின் ஹோ நடிச்ச ‘தி கிங்: எடர்னல் மோனார்க்’. பதினாறு எபிசோடு.

லீ மின் ஹோ எனக்கு அவ்வளவு பிடிக்கும். ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ காலத்திலிருந்தே. கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலான சமூகப் பணியை முடிச்சிட்டு அவர் திரும்பி வந்த சீரியல் இது. 2020 ஏப்ரல், நாம எல்லாரும் ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நேரம். வெள்ளைக் குதிரையில் ஒரு பேரரசர் இன்னொரு உலகத்திலிருந்து நம்ம காலத்துக் கொரியாவுக்கு வர்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை எந்த உலகத்தில் நடக்குதுன்னே பாதி நேரம் புரியாது. நடுநடுவே காபி விளம்பரம் வேற. கொரியாவிலேயே முதல் வாரம் 11 சதவீதத்தைத் தாண்டின ரேட்டிங், போகப்போகப் பாதி அளவுக்குச் சரிஞ்சது.

பக்கத்தில் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்த அம்மாயி கேட்டாங்க: “நல்லால்லைன்னு நீயே சொல்ற, அப்புறம் ஏங் கண்ணு பாக்கற?”

“அவருக்காகத்தான் அம்மாயி.”

அம்மாயி சிரிச்சாங்க. “எங்கய்யனும் இப்படித்தான். பாகவதருக்காக ‘ராஜமுக்தி’ பாத்தாரு.”

அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டுத்தான் இந்த எபிசோடு.

எம்.கே. தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளியைப் பார்த்த படம். ஆனா படம் ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாளிலேயே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டாங்க. 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-ல் ரெண்டு பேரும் விடுதலையானாங்க. ஹீரோ சிறைக்குள்ளே, அவர் படம் வெளியே ஓடிக்கிட்டே இருக்கு. யோசிச்சுப் பாருங்க.

வெளியே வந்த பாகவதர் சொந்தமா எடுத்த படம்தான் ‘ராஜமுக்தி’. படப்பிடிப்பு புனாவில். வசனம் எழுதப் போனவர் யார் தெரியுமா? புதுமைப்பித்தன்! அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்துட்டார். வயசு 42. படம் வெளியானது அதே வருஷம் அக்டோபரில். தான் எழுதின படத்தை அவர் பார்க்கவே இல்லை.

படத்தில் இருந்தவங்களைப் பாருங்க. பானுமதி, வி.என். ஜானகி, துணை வேடத்தில் எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆரும் ஜானகியும் சந்திச்சதே இந்தப் படத்தில்தான். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆன ரெண்டு பேர் ஒரே படத்தில்! ஆனாலும் படம் ஓடலை.

சிறைக்குப் போனதால்தான் ஜனங்க ஒதுக்கிட்டாங்கன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா அதே சிறையிலிருந்து வந்த கலைவாணர், 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் ஜெயிச்சார். அதனால எனக்குத் தோணுறது இதுதான்: மாறினது காலம். பாட்டுக்காகப் படம் பார்த்த கூட்டம், வசனத்துக்காகப் பார்க்க ஆரம்பிச்சிருந்தது. அம்மாயி ஊருக்குப் பக்கத்துச் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’க்கு வசனம் கருணாநிதி, ஹீரோ எம்.ஜி.ஆர். 1952-ல் பாகவதரின் ‘அமரகவி’ வந்தது. அதே வருஷ தீபாவளிக்கு ‘பராசக்தி’. எது நம்ம ஞாபகத்தில் நிக்குதுன்னு நான் சொல்லணுமா?

அம்மாயியின் ஊர் சேந்தமங்கலம் பக்கம், இந்த மலைக்கு அடிவாரம். அங்கே டென்ட் கொட்டாய்க்கு ‘ராஜமுக்தி’ வந்தப்ப அம்மாயிக்குப் பத்து வயசு இருக்கும். அப்பாவோட தோளில் தூங்கிட்டே பார்த்தாங்களாம். மறுநாள் ராத்திரியும் அவர் தனியாப் போனாராம். படம் நல்லால்லைன்னு ஊரே சொல்லுது, மறுபடி எதுக்குன்னு வீட்டில் சண்டை.

“எங்கய்யன் ஒண்ணுதான் சொன்னாரு கண்ணு. ஜெயிலுக்குப் போயி வந்த மனுசன், நாமளும் போகலைன்னா யாரு போவாங்கன்னு.”

இதைக் கேட்டப்ப எனக்கு இந்த மலையின் கொல்லிப்பாவைதான் ஞாபகம் வந்தது. அழகால் மயக்கி, கிட்ட வந்தவங்களைக் கொல்லும் பாவைன்னு சங்க காலத்திலிருந்து சொல்லிட்டு வர்ற கதை. ரசிகர்களையும் நாம அப்படித்தான் பேசுறோம்: ஒரு முகத்தைப் பார்த்து மயங்கினவங்கன்னு. ஆனா அம்மாயியோட அப்பா ரெண்டாவது நாள் போனப்ப மயக்கத்தில் போகலை. படம் மோசம்னு அவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் போய் உக்காந்தார்.

அப்படிப் போனவங்க போதுமான அளவுக்கு இல்லை. அடுத்தடுத்த படங்களும் தோற்றன. 1959 நவம்பர் 1-ல், ஐம்பது வயசைத் தாண்டாமலே பாகவதர் இறந்தார். கடைசிப் படம் ‘சிவகாமி’, அவர் போன பிறகு 1960-ல்தான் வெளியானது.

ராத்திரி பதினோரு மணிக்கும் மழை விடலை. ஒன்பதாவது எபிசோடு ஓடிக்கிட்டிருந்தது. அம்மாயி போர்வைக்குள்ளிருந்து கேட்டாங்க: “இந்த ராஜா பையன் இதுக்கப்புறம் நடிச்சானா?”

“நடிச்சார் அம்மாயி. ரெண்டு வருஷம் கழிச்சு ‘பச்சிங்கோ’ன்னு ஒண்ணு. ரொம்ப நல்லா இருக்கும்.”

“அப்பச் சரி,” ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. “மிச்சத்தையும் பாத்துரு.”

பார்த்து முடிச்சேன். பதினாறு எபிசோடும்.