மலைச்சரிவு வீடுகளும் ஆகிலா தந்த பாடமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அடைமழைக் காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம் சரிவில் குடியிருப்போரை எண்ணி நெஞ்சம் பதைக்கிறது. வீடு போய்விட்டால் எதைக் கொண்டு மீண்டும் எழுப்புவார்கள்?

இம்மலைகள் இக்கேள்வியை முன்பும் எழுப்பியுள்ளன. 1924 ஜூலைப் பெருமழை மூணாறைச் சிதைத்தது. டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் போடப்படவேயில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்கள் வாழ்ந்த லயங்கள் அவர்களுக்குச் சொந்தமல்ல. தம் பெயரில் வீடு இல்லாதவர் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பது எங்ஙனம்? அரசுகள் உதவித்தொகை அறிவித்தன. ஆயினும் துயரம் நேர்ந்தபின் கிடைக்கும் உதவி வேறு. முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு வேறு.

அத்தகைய ஏற்பாடு நம் மார்க்க வரலாற்றில் உண்டு. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் செலுத்த வேண்டிய இழப்பீடு நூறு ஒட்டகங்கள். தனியொருவரால் தாங்கவொண்ணாத அச்சுமையை அவருடைய குலத்தார் பகிர்ந்து சுமந்தனர். அக்கூட்டமே ‘ஆகிலா’. அரபுகளிடம் முன்பே இருந்த இவ்வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் நிலைநிறுத்தினார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரே படைப்பதிவேட்டில் பெயருள்ளோரும் ஒருவருக்கொருவர் ஆகிலா ஆயினர். உறவின் வட்டம் அவ்வாறு விரிந்தது.

ஹனஃபி சட்ட நூல்கள் மேலும் இரண்டு விதிகளைச் சொல்கின்றன. மூன்று ஆண்டுகளில் ஒருவரிடம் மொத்தம் மூன்று அல்லது நான்கு திர்ஹங்களுக்கு மேல் வாங்கலாகாது. அதனால் தொகை நிறையவில்லையெனில், அடுத்துள்ள குலத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, சுமை கூடினால் தலைக்கு விழும் பங்கைக் கூட்டாமல் தலைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

இன்றைய சிக்கலும் இதுவே. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. வெள்ளமும் நிலச்சரிவும் அதில் அடங்கும். வாடகைக்கு இருப்போரும் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் அதை எடுக்கலாம். ஆனால் வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவுக் காப்பீடு கூடும் என 1985இல் ஜித்தாவில் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. கூட்டுறவு முறையில் அமைந்த தகாஃபுல் 1979இல் சூடானில் தோன்றியது. மலேசியா 1984இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய நிறுவனம் இல்லை. எனவே காப்பீடு எடுக்க எண்ணுவோர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

இதற்கிடையில் நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாதந்தோறும் சிறு நன்கொடை பெற்று, வீடிழந்தோருக்கென பைத்துல்மாலில் தனிக் கணக்கு வைக்கலாம். அதில் ஜகாத்தைக் கலக்க வேண்டாம். ஜகாத்துக்கு உரியோர் வேறு. ஆனால் ஒரே சரிவிலுள்ளோர் மட்டும் கூடி நிதி சேர்த்தால் ஒரே இரவின் மழை அத்தனை பேரையும் இரப்போராக்கிவிடும். போடியும் கம்பமும் உத்தமபாளையமும் மதுரையும் அதில் கைகோக்க வேண்டும். மலையில் மண் சரியும் நாளில் சமவெளியின் கை நீளும். வைகையில் வெள்ளம் பெருகும் நாளில் மலையின் கை நீளும். ‘அடுத்துள்ள குலத்தாரையும் சேர்’ என்ற விதியின் பொருளை அன்று நாம் கண்ணால் காண்போம்.

அடுத்த மழைக்கு முன் நம் பள்ளிவாசல் கூட்டத்தில் இதைப் பேசுவோம். ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.