இரத்தம் கூறும் சாட்சியம்

மன்னர்களுக்கு வரலாறு இருப்பதைப் போலவே நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நோயை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான், அறியாத காலத்தில் அதைப்பற்றி என்ன எண்ணினான், அறிந்த பின்னரும் எதைப் பிழைபடப் புரிந்துகொண்டான் என்பவற்றை அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஹெர்ப்பெஸ் என்னும் தொற்றுநோயும், அதற்கென ஏற்பட்ட இரத்தப் பரிசோதனையுமாகும். பலர் பேசக் கூசும் பொருள் இது. ஆனால் கூச்சத்தின் நிழலிலேதான் அறியாமை வளர்கிறது. அந்த அறியாமையால் நல்ல குடும்பங்களும் குலைந்துவிடுகின்றன. ஆகவே மாணவர்கள் இதனை அறிந்திருப்பது நலமென்று கருதுகிறேன்.

ஹெர்ப்பெஸ் என்பது கிரேக்கச் சொல். ஊர்ந்து படர்வது என்பது அதன் பொருள். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலேயே இச்சொல் காணப்படுகிறது. தோலில் படரும் பலவகைப் புண்களையும் அக்காலத்தார் இப்பெயராலேயே அழைத்தனர். நம் நாட்டில் அக்கி என்று சொல்லி, குயவரிடம் சென்று செங்காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா? அந்த அக்கி சின்னம்மைக் கிருமியால் வருவது; ஹெர்ப்பெஸுக்கு உறவே தவிர, அதுவே இதுவன்று. நான் கூறுவது, உதட்டோரத்திலும் பிறப்புறுப்பிலும் சிறு கொப்புளங்களைத் தோற்றுவிக்கும் ஹெர்ப்பெஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸைப் பற்றியதாகும். பிறப்புறுப்பில் தோன்றும் வகையைப் பிரெஞ்சு மருத்துவர் ஆஸ்ட்ரக் 1736ஆம் ஆண்டிலேயே தம் நூலில் வருணித்திருக்கிறார்.

1919இல் லோவென்ஸ்டைன் என்பவர், கொப்புளத்தின் நீரை முயலின் கண்ணில் இட்டு, அது தொற்றும் தன்மையுடையது என்று நிறுவினார். நம் உடலில் அயற்கிருமி புகுந்தால், அதனை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. ஹெர்ப்பெஸ் வைரஸுக்கு எதிரான அப்பொருள்களை 1930இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூஸ், கார்மைக்கேல் என்னும் இருவர் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது வியப்பானது. எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கே கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தது! காவலன் வீட்டில் இருக்கும்போதே கள்வன் வந்துபோவது எப்படி? 1939இல் ஆஸ்திரேலியாவில் பர்னெட்டும் வில்லியம்ஸும் இதற்கு விடை கூறினர். பெரும்பாலும் இளமையில் புகும் இவ்வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. உறங்கிக் கிடந்து, சமயம் வாய்க்கும்போது விழித்தெழுகிறது என்றனர். அது நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்கிறது என்பது 1971இல் ஸ்டீவன்ஸ், குக் ஆகியோர் எலிகளிடம் செய்த ஆராய்ச்சியால் உறுதியாயிற்று.

இவ்வைரஸில் இரு வகைகள் உண்டு என்று 1962இல் ஜெர்மானியரான ஷ்னெவைஸ் எடுத்துக்காட்டினார். முதல் வகை வாயிலும் முகத்திலும், இரண்டாம் வகை பிறப்புறுப்பிலும் மிகுதியாகக் காணப்படுவதை 1968இல் நாமியாஸும் டௌடிலும் அமெரிக்காவில் விளக்கினர். இன்றோ முதல் வகையும் பிறப்புறுப்பில் தொற்றுவது மிகுந்துள்ளது. இரு வகைகளும் உடன்பிறந்தாரைப் போல் ஒத்திருந்தமையால், பழைய இரத்தப் பரிசோதனைகள் ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்கின. வைரஸின் மேற்புறத்திலுள்ள கிளைக்கோபுரோட்டீன் ஜி என்னும் பொருள் இரு வகைகளிலும் வெவ்வேறாக இருப்பது 1980களில் தெரியவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டே வகை பிரித்தறியும் பரிசோதனைகள் எழுந்தன.

இப்பரிசோதனையின் முடிவு ஓர் எண்ணாக வருகிறது. பரவலாக வழங்கும் முறையில் 0.9க்குக் கீழே இருந்தால் இல்லை என்றும், 1.1க்கு மேலே இருந்தால் உண்டு என்றும் கொள்வர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இரண்டாம் வகைக்கான எண் 3க்குக் குறைவாயிருப்பின், அது பொய்யாக இருத்தல் கூடும். வேறொரு முறையால் மறுபடி சோதித்த பின்னரே நம்பவேண்டும். தொற்று ஏற்பட்ட உடனே எதிர்ப்பொருள் தோன்றுவதுமில்லை. அதற்குப் பல வாரங்கள் ஆகும். ஆதலால் மிக விரைந்து சோதித்தால், உள்ளதையும் இல்லை என்று காட்டிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 10,000 பேர். அவர்களுள் 1,500 பேருக்குத் தொற்று உண்டு என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை, உள்ளவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் நூற்றுக்கு 19 பேரைத் தவறாகக் குறிக்கிறது. அவ்வாறாயின் மெய்யாகப் பிடிபட்டோர் 1,485 பேர். பொய்யாகக் குறிக்கப்பட்டோர் 1,615 பேர். பொய்யே மெய்யை விஞ்சிவிடுகிறது! இத்தகைய காரணங்களால், நோய்க்குறி இல்லாதவர்களை எல்லாம் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் கூறி, 2023இலும் அதனையே உறுதி செய்தது. குறி இருப்பவர்களுக்கோ, கொப்புளத்தின் நீரை நேரே எடுத்துச் சோதிப்பதே சிறந்த வழி.

முடிவு மெய்யாகவே இருந்தாலும், அது எவ்வளவு கூறுகிறது? தொற்று உண்டு என்பதை மட்டுமே கூறுகிறது. எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று கூறாது. முதல் வகையாயின், உடலில் எவ்விடத்தில் உள்ளது என்றுகூடக் கூறாது. குழந்தைப் பருவத்தில் பாட்டி அன்புடன் இட்ட முத்தத்தாலும் முதல் வகை வந்திருக்கலாம். இரண்டாம் வகை மணத்திற்குப் பல்லாண்டுகள் முன்பே வந்து, ஒரு குறியும் காட்டாமல் உறங்கியிருக்கலாம். இதை அறியாமல், ஒரு தாளில் கண்ட எண்ணைக் கொண்டு மனைவியின்மீதோ கணவன்மீதோ பழி சுமத்துவது அநீதியாகும். சாட்சி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொண்டு தீர்ப்பளிக்கும் நீதிபதியை நாம் ஏற்போமா?

துணைவருக்குத் தொற்றும் அபாயம் எத்தகையது? மெய்யான அபாயம் உண்டு; அதை மறைப்பதும் தவறு. துணைவருள் ஒருவருக்கு மட்டும் பிறப்புறுப்பில் தொற்று இருந்த 144 இணைகளைப் பற்றிய ஆராய்ச்சி 1992இல் வெளியாயிற்று. ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் 14 இணைகளில் மற்றவருக்கும் தொற்றியது. புதிதாகத் தொற்றுப் பெற்ற அப்பதினால்வருள் 11 பேர் பெண்கள். கொப்புளமே இல்லாத நாட்களிலும் தொற்றுகிறது என்பதும் அதனால் தெளிவாயிற்று. 2004இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில் 1,484 இணைகள் பங்குகொண்டன. தொற்றுள்ளவர் நாள்தோறும் வாலசைக்ளோவிர் என்னும் மருந்தை உண்ட 743 இணைகளில், எட்டு மாதங்களில் 14 பேருக்கே தொற்றியது. மருந்தற்ற போலி மாத்திரை உண்ட 741 இணைகளில் 27 பேருக்குத் தொற்றியது. ஆணுறையும் அபாயத்தைக் குறைக்கிறது, முற்றும் நீக்குவதில்லை. கொப்புளம் தோன்றும் நாட்களில் உறவைத் தவிர்த்தல் இன்றியமையாதது. கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால், பிறக்கும் சிசுவுக்குப் பேராபத்து நேரலாம். ஆகவே மருத்துவரிடம் எதையும் ஒளிக்கலாகாது.

வாலசைக்ளோவிருக்கு முன்னோடி அசைக்ளோவிர் என்னும் மருந்து. அது உருவாகக் காரணமாயிருந்த ஆராய்ச்சியில் முன்நின்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988இல் நோபெல் பரிசு பெற்றார். அம்மருந்தின் களிம்பு அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1982ஆம் ஆண்டிலேயே, ‘டைம்’ என்னும் வார இதழ் இந்நோயைத் தன் அட்டையில் வெளியிட்டு, இதனை அவமானத்தின் அடையாளமாகச் சித்திரித்தது. மருந்தும் பழியும் ஒரே ஆண்டில் பரவின! உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 370 கோடிப் பேருக்கு முதல் வகைத் தொற்று உண்டு. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 49 கோடிப் பேருக்கு இரண்டாம் வகைத் தொற்று உண்டு. இத்தனை கோடி மக்களையும் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எவர் சொல்லத் துணிவார்?

இவ்வரலாற்றிலிருந்து நான் அறிந்தது இதுவே. இரத்தம் பொய் சொல்வதில்லை எனினும், அதன் மொழியை நாம் பிழைபடப் படிக்கக் கூடும். பரிசோதனை முடிவைப் பெறுவோர் அதனை ஐயத்தோடு ஆராயட்டும். உறுதியானபின் துணைவரிடம் உண்மையை மறையாது சொல்லட்டும். கேட்பவரும் சினம் நீக்கிக் கேட்கட்டும். தொற்றைத் தடுக்க மருந்து உதவும். நம்பிக்கையைக் காப்பதற்கு உண்மையும் பொறுமையும் வேண்டும்.