அணு ஒளிரும் நேரம்

அடுப்பு நெருப்பில் உப்புக்கல் விழுந்தால் சுடர் மஞ்சளாக மாறுவதை யாவரும் கண்டிருப்பர். உப்பிலுள்ள சோடியம் அணு வெப்பத்தால் கிளர்ச்சியுற்று உயர்ந்த சக்திநிலைக்கு ஏறுகின்றது. அங்கு நிலைக்கமாட்டாமல் கீழ்நிலைக்கு இறங்குகையில் அம்மஞ்சள் ஒளியை உமிழ்கின்றது. அவ்வணு மேல்நிலையில் எத்துணை நேரம் தங்குகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

தனியணு ஒன்று எக்கணத்தில் இறங்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. பெருங்கூட்டத்தின் சராசரி ஆயுளையே சொல்ல இயலும். அணுக்கள் தாமே இறங்கும் வீதத்தை 1916-ல் ஐன்ஸ்டைன் கணிதத்தில் வகுத்தார். 1919-ல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் வீன் விரைந்தோடும் அணுக்களை வெற்றிடத்தில் பாயச் செய்து, அவற்றின் ஒளி எவ்வளவு தூரத்தில் மங்குகின்றதென அளந்தார். வேகமும் தூரமும் தெரிந்தால் காலம் தானே விளங்குமன்றோ?

1982-ல் பெர்லின் ஆராய்ச்சியாளர் மூவர் இம்முறையையே லேசர் ஒளியின் துணையோடு கையாண்டனர். சோடியத்தின் மஞ்சள் ஒளி, நெருங்கிய இரு மேல்நிலைகளிலிருந்து வருவது. விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றுள் தாழ்ந்த நிலையின் ஆயுள் 16.40 கூறு என்றும், ஐயப்பாடு 0.03 கூறே என்றும் அவர்கள் அறிவித்தனர். ஆயின் குவாண்டம் கொள்கைவழிக் கணக்குகளோ அதனினும் குறைந்த எண்ணையே தந்தன. வேற்றுமை ஏறத்தாழ நூற்றிலொரு பங்குதான். எனினும், சோடியம் போன்ற எளிய அணுவிலேயே கணக்குத் தவறுமாயின், நட்சத்திர ஒளியைக்கொண்டு அங்குள்ள பொருள்களின் அளவைக் கணிப்போர் எதனை நம்புவது?

ரப்பர்ப்பால் நிறுக்கும் தராசின்மேல் ஐயம் எழுந்தால், அதே தராசில் பத்துமுறை நிறுப்பதால் ஐயம் தீராது. வேறொரு தராசு வேண்டும். 1996-ல் அது கிட்டியது. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகர ஆராய்ச்சியாளர் பாயும் அணுக்களையே புதிதாக அளந்து, தாழ்ந்த நிலைக்கு 16.30, உயர்ந்த நிலைக்கு 16.25 எனக் கண்டனர். அமெரிக்காவில் போல்டர் நகர ஆராய்ச்சியாளரோ ஒளி மங்குவதை நோக்கவேயில்லை. ஆயுள் குறையக் குறைய ஒளிக்கோடு அகலும் என்பது விதி. லேசரால் குளிர்வித்த அணுக்களில் அவ்வகலத்தை அளந்து, உயர்ந்த நிலைக்கு 16.24 எனப் பெற்றனர். வெவ்வேறு வழியில் வந்த இருவரும் ஒரே இடத்திற் சந்தித்தனர். கணக்கும் அங்கேயே நின்றது.

பதினான்கு ஆண்டு வழக்கு இவ்வாறு தீர்ந்தது. நுட்பமான அளவென்று அறிவித்ததாலேயே எவரும் வாதத்தை முடித்துவிடவில்லை. கொள்கை புகழ்பெற்றதென்று அளவை ஒதுக்கிவிடவுமில்லை. மீண்டும் அளந்தனர். ஆராய்ச்சி என்னும் சொல்லுக்குப் பொருள் இதுவே.